வலக்கைமேல் இடக்கை

யாங்சோ நகரில் கல்யாணம் பேசி முடித்த பிறகும் மூன்று நாள் யாரும் நிம்மதியாக மூச்சு விடுவதில்லை. பெண்ணின் பிறந்த நேரம் எழுதிய சிவப்புத் தாள் மாப்பிள்ளை வீட்டு முன்னோர் பீடத்தில் தூபக்காலுக்கு அடியில் இருக்கும். மாப்பிள்ளையின் தாள் பெண் வீட்டில் அதேபோல் இருக்கும். அந்த மூன்று நாளில் இரண்டு வீட்டிலும் கிண்ணம் உடையக் கூடாது, சண்டை வரக் கூடாது, நாய் ஊளையிடக் கூடாது. ஏதாவது நடந்தால் முன்னோர்களுக்கு இஷ்டமில்லை என்று பொருள். தாள் திரும்பிப் போய்விடும். யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

முகப்பொடிக் கடைக்காரர் பியானின் வீட்டில் முதல் நாளே பூனையை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பீங்கான் எல்லாம் பூட்டி வைக்கப்பட்டு, மரக்கிண்ணத்தில் கஞ்சி குடித்தார்கள். பியானுக்குத் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். தும்மலைப் பற்றிச் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லைதான். இருந்தாலும் எதற்கு வம்பு.

அவருடைய ஒரே மகன் தாவ்ஷெங்குக்கு இருபத்து மூன்று வயது. பொடியை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தே எந்தக் கடையில் அரைத்தது என்று சொல்லிவிடுவான். கடையில் ஏழு கண்ணாடிகள் உண்டு. வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் அவற்றை வீணாக்கமாட்டான் என்று தெருவில் ஒரு பேச்சு. அவனுடைய கவலை வேறு. கல்யாணத் தரகுக்காரி தியாவ், கோங் வாத்தியாரின் மகளைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் இவை: முகம் பௌர்ணமி நிலா, புருவம் வில்லோ இலை, பாதம் மூன்று அங்குலம். சிறு வயதிலேயே துணியால் இறுகக் கட்டி வளரவிடாமல் செய்த குட்டிப் பாதம்தான் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு அழகு. எதிர்வீட்டுத் தகரக்காரனுக்குப் பெண் பேசியபோதும் அவள் இதையேதான் சொன்னாள். அந்த நிலா வந்து இறங்கிய பிறகு தகரக்காரன் ஒரு மாதம் கடையை விட்டு வெளியே வரவில்லை.

கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. தாவ்ஷெங் யோசித்தான். எப்படியாவது பார்த்துவிட வேண்டும். பிடித்திருந்தால் நல்லது. பிடிக்காவிட்டால் மூன்றாம் நாள் வீட்டில் ஒரு கிண்ணத்தைக் கைதவற விட்டால் போதும், பழி முன்னோர்மேல். அப்போது இந்த எண்ணத்தில் அவனுக்கு எந்தக் கூச்சமும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலையில் கோங் வீட்டுக்குப் பொடி கொண்டுபோக வேண்டியவள் நியூ. கடையின் சரக்கை வீடு வீடாகக் கொண்டுபோய் உள்கட்டுப் பெண்களுக்கு விற்கும் விதவை.

"சின்ன முதலாளி, பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் நியூ. "பொண்ணைப் பாக்கணும்னா கல்யாணத்தன்னிக்குப் பாருங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க."

"அதுக்கப்புறம் பாத்து என்ன பண்றது அக்கா?"

"பழகிக்கறது."

முதல் நாளே அவன் அரைநாள் கெஞ்சினான். சிறு வயதிலிருந்து அவனைத் தெரிந்தவள், கடைசியில் தன் நீலப் பாவாடையையும் கழுத்துவரை பொத்தான் வைத்த மேல்சட்டையையும் கொடுத்தாள். குடுமியை அவிழ்த்துக் கொண்டை போட்டுவிட்டாள். முகத்தில் கடையின் மிக உயர்ந்த பொடியைப் பூசினான் அவன்.

"உக்காரும்போது முழங்கால் ரெண்டும் ஒட்டியிருக்கணும். உங்க முழங்கால் சொத்துத் தகராறுல இருக்கற அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்குது. கழுத்துப் பொத்தானை எடுக்கக் கூடாது, தொண்டை எலும்பு தெரியும். வாயைத் திறந்தா சளின்னு சொல்லுங்க."

"கால்?"

"காலுக்கு என்ன? தெருத்தெருவா அலையறவளுக்குக் கட்டின கால் எங்கேருந்து வரும்? இந்த வேஷத்துக்குப் பொருந்தற ஒரே உறுப்பு உங்க கால்தான்."

முழங்காலை மடக்கி, கைகளை இடுப்போடு சேர்த்துப் பெண்கள் வணங்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தாள். முழங்காலையே கவனித்தாள். கையைக் கவனிக்கவில்லை.

கோங் வாத்தியார் இருபது வருடம் பள்ளியில் சடங்கு முறைகள் கற்பித்தவர். நான்கு பாகத்தில் ஒரு நூலும் எழுதியிருந்தார். ஊரில் சாவோ கல்யாணமோ என்றால் யார் எந்தப் பக்கம் நிற்பது என்று அவரைத்தான் கேட்பார்கள். மனைவி இறந்து பதினைந்து வருடமாகிறது. விதவைத் தங்கைதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். தாவ்ஷெங் பொடிப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்கட்டுக்குள் நுழைந்தான். கையில் பெட்டி இருந்ததால் தலையை மட்டும் தாழ்த்தினான்.

"நியூ எங்கே?" என்றாள் அத்தை.

"அக்காவுக்கு இடுப்பு வலி. நான் தங்கச்சி."

"குரல் என்ன இப்படி?"

"சளி."

"சளியா? தச்சன் வீட்டு ரம்பம்னு நெனச்சேன்."

சன்னலோரத்தில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்தாள். பெயர் வான்னிங் என்று தாளில் எழுதியிருந்தது. நிலா முகம் இல்லை. நீள முகம், அகலமான வாய். அத்தை சொன்னதைக் கேட்டு அந்த வாய் சிரிப்பை அடக்கத் தெரியாமல் திண்டாடியது. அவள் எழுந்து வந்து, வாத்து முட்டை வடிவில் அழுத்திய பொடிக் கட்டியிலிருந்து கொஞ்சம் சுரண்டிப் புறங்கையில் தேய்த்தாள்.

"அரிசி மாவு அதிகம். முத்துத்தூள் கம்மி."

"பத்துல மூணு பங்கு முத்து!" என்று தாவ்ஷெங் கடைக்காரனாகவே கத்திவிட்டான். உடனே இருமினான்.

அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தக் கடைக்குத்தானே போயிட்டு வர்றே? பையனைப் பாத்திருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் அப்படிச் சொல்லவில்லை.

"பாக்காம என்ன? நல்ல உயரம். முகம்னா பௌர்ணமி நிலா. கடைக்கு வர்ற பொம்பளைங்க பொடி வாங்க வர்றாங்களா, அவரைப் பாக்க வர்றாங்களான்னே தெரியாது."

"நிலான்னா மேடு பள்ளம் எல்லாம் சேத்தா?" என்றாள் வான்னிங்.

"ஐயையோ, வழுவழுன்னு இருக்கும்."

"குணம்?"

"தங்கம்."

"கோபம் வருமா?"

"அப்படி ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது."

"குறட்டை?"

"அது எனக்கு எப்படிம்மா..." என்று அவன் தடுமாறினான். அத்தை சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள். அந்த நேரம் அடுப்படியில் ஏதோ உருண்டது. அத்தையின் சிரிப்பு நின்றது. "பாத்திரம்! எவளாவது எதையாவது போட்டா கொன்னுடுவேன்!" என்று ஓடினாள்.

வான்னிங் போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது முகத்தில் விளையாட்டு இல்லை.

"அக்கா, உள்ளே வரும்போதே உங்க காலைப் பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க. கேக்க எனக்கு வேற யாரும் இல்லே."

அவள் குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். சின்னஞ்சிறு பட்டுச் செருப்பு. உள்ளே சாய்வான மரக்கட்டை வைத்து, குதிகால் உயர்ந்து பாவாடைக்குள் மறைய, முன்விரல் மட்டும் வெளியே தெரியும்படி செய்திருந்தது. அதிலிருந்து வெளியே வந்தது கட்டாத, முழுசாக வளர்ந்த ஒரு பாதம்.

"அம்மா போனப்போ எனக்கு அஞ்சு வயசு. அத்தைதான் கட்டினாங்க. நான் கத்தின கத்துல அப்பா வந்து அவிழ்த்துட்டாரு. இப்போ அதைப் பத்திப் பேசவே அவருக்கு வெக்கம். தரகுக்காரி அந்த வீட்டுல மூணு அங்குலம்னு சொல்லியிருக்கா."

தாவ்ஷெங் பார்வையைத் திருப்பினான். ஆனால் உடனே திருப்பவில்லை. அந்தப் பாதத்தைப் பார்க்க உரிமையுள்ள ஆண் உலகத்தில் ஒருவன்தான். அந்த ஒருவன் தானேதான் என்பது அவனுக்கு அப்போது ஆறுதலாக இல்லை.

"நாளைக்கு மூணாவது நாள்" என்றாள் அவள். "நீங்க அவரைப் பாத்திருக்கீங்க. இதுக்கெல்லாம் மனசு கசந்துபோற ஆளா? அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க. கிண்ணம் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

தையல் கூடையிலிருந்து ஒரு நீலப்பூக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினாள். விளிம்பிலிருந்து மயிரிழையாக ஒரு கீறல் ஓடியது.

"ஏற்கெனவே விரிசல் விட்டது. நல்லதை ஏன் வீணாக்கணும்?"

பொடிக்கு அடியில் அவன் முகம் சுட்டது. அதே கிண்ணம், அதே மூன்றாம் நாள். ஆனால் அவன் போட நினைத்தது, அவள் முகம் தனக்குப் போதாமல் போனால். இவள் போட நினைப்பது, தன்னை ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று ஒரு மனிதன் பிறகு அவமானப்படக் கூடாது என்று. அந்த மனிதனைத்தான் அவன் ஐந்து நிமிடம் முன்பு தங்கம் என்று வர்ணித்திருந்தான்.

"போடாதீங்க" என்றான்.

"ஏன்?"

"அவர் ஒண்ணும் நெனைக்கமாட்டார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்க வார்த்தையை நம்பறேன் அக்கா" என்றாள்.

அதற்குமேல் அங்கே இருக்க அவனால் முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். முன்னோர் பீடத்தில் தூபம் ஏற்றிவிட்டு கோங் வாத்தியார் எதிரே வந்துகொண்டிருந்தார். அவருக்குத் தேநீர் கொண்டுவந்த அத்தை தட்டோடு பின்னால். இந்த மனிதரிடம் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தாவ்ஷெங்குக்குத் தோன்றியது. வாயால் முடியாது. பெட்டியைக் கீழே வைத்தான். நியூ சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை மடக்கினான். விவரம் தெரியாத வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தபடி வலக்கைமேல் இடக்கையை வைத்து, மனதார வணங்கினான்.

எங்கள் ஊரில் ஆண் வணங்கினால் இடக்கை மேலே, பெண் வணங்கினால் வலக்கை மேலே. பேச்சு வருமுன் குழந்தைகளுக்கு வந்துவிடும் பழக்கம் இது. ஒரே ஒரு சமயத்தில்தான் இது மாறும். சாவு விழுந்த வீட்டில் பெண்கள் இடக்கையை மேலே வைத்து வணங்குவார்கள்.

வாத்தியாரின் பார்வை அவன் கையில் நின்றது. உதடு வெளுத்தது.

"யார் செத்தது?"

"ஐயா?"

"யாருக்குச் சாவு? கல்யாணத் தாள் இருக்கற பீடத்துக்கு முன்னால வந்து துக்கக் கும்பிடு போடறியே, யாருக்கு?"

அத்தையும் கையைப் பார்த்தாள். தட்டு விழுந்தது. மூன்று கிண்ணம், ஒரு தேநீர்க் கூஜா. சத்தம் கேட்டு வான்னிங் வாசல்வரை ஓடிவந்தாள். அந்த வீட்டில் அன்று உடையாமல் இருந்தது அவள் கையிலிருந்த விரிசல் கிண்ணம் ஒன்றுதான். தாவ்ஷெங் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஒரு பொம்பளை இப்படி ஓடிப் பார்த்ததே இல்லை என்று அத்தை பிறகு பல பேரிடம் சொன்னாள்.

மறுநாள் காலை தியாவ் சிவப்புத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பியான் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தச் சனியன் புடிச்ச பொம்பளைடா அது! நம்ம சரக்கைத் தூக்கிக்கிட்டுப் போயி நம்ம குடியையே கெடுத்திருக்காளே!"

தாவ்ஷெங் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எது இதைச் சரிசெய்யும் என்பது ஓடிவந்த முதல் நாழிகையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வணங்கியது ஆண் என்றால் அந்த வணக்கத்தில் குற்றமே இல்லை. மங்கலமான வணக்கம். வணங்கியது நான்தான் என்று சொன்னால் போதும். ஆனால் சொன்ன கணத்திலேயே, தன் செருப்பைக் கழற்றிக் காட்டியது யாருக்கு என்று வான்னிங்குக்குத் தெரிந்துவிடும். நம்பறேன் அக்கா என்று அவள் சொன்ன குரல் காதிலேயே இருந்தது. சொல்லாவிட்டால் அவளை இழக்க வேண்டும். சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இப்படியே அன்று முழுவதும் சுவரைப் பார்த்தான்.

சாயங்காலம் நியூ வந்தாள். காலிப் பெட்டி இல்லை, முழுப் பெட்டி.

"பதினொரு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க, சின்ன முதலாளி. சாவைக் கூட்டிக்கிட்டு வர்றவளோட அக்காவாம் நான். நீங்க கும்பிட்டது ஆம்பளைக் கும்பிடுதானே? போய்ச் சொல்லிட்டா முடிஞ்சுது."

"வெக்கமா இருக்கு அக்கா."

"என் பாவாடையைக் கட்டிக்கிட்டுப் போக வெக்கம் இல்லே. கட்டிக்கிட்டேன்னு சொல்லத்தான் வெக்கமா?"

வேறு காரணமும் இருந்தது. அதை நியூவிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வாரத்தில் அவன் செய்த முதல் யோக்கியமான காரியம் அது. அதற்கே தன்னை மெச்சிக்கொள்ளப் பார்த்த மனதை நினைத்து இன்னும் கூசினான்.

அடுத்த நாள் காலையில் அப்பாவிடம் சொன்னான். பியான் ஒரே பொடிக் கட்டியை மூன்று முறை எடை போட்டார்.

"என்ன நிறப் பாவாடை?" என்றார் கடைசியில்.

"நீலம்."

"முன்னோர்களே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கோங் வீட்டு முன்கூடத்தில் வாத்தியார், அத்தை, தியாவ், பியான் நால்வரும் உட்கார்ந்திருக்க, தாவ்ஷெங் நடுவில் மண்டியிட்டான். மூலையில் ஒரு மரத்திரை. அதற்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது தரையில் விழுந்த நிழலில் தெரிந்தது. அவன் சொல்லி முடித்ததும் அத்தை தலையை ஆட்டினாள்.

"நம்பமாட்டேன். அவளுக்கு இதைவிட லட்சணமான முகம்."

"அது நம்ம கடைப் பொடிங்க" என்றார் பியான், தன்னை அறியாமல்.

"அப்படின்னா கட்டிக்கிட்டு வரட்டும். பாத்தாத்தான் தெரியும்."

நியூவின் பாவாடை அவன் கொண்டுவந்த மூட்டையில் இருந்தது. சாட்சியாகக் காட்டலாம் என்றுதான் கொண்டுவந்திருந்தான். பக்கத்து அறையில் அதைக் கட்டிக்கொண்டு, சொந்த அப்பாவின் முன்னால், கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தான். தியாவ் வாயில் சட்டைக்கையை அடைத்துக்கொண்டாள். பியான் கூரை உத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நடை சரி" என்றாள் அத்தை. "மாப்பிள்ளையைப் பத்தி அவ என்ன சொன்னான்னு கேளுங்க. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

"என்ன சொன்னே?" என்றார் வாத்தியார்.

"நல்ல உயரம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"முகம்... பௌர்ணமி நிலான்னு."

"அப்புறம்?" என்றாள் அத்தை விடாமல்.

"குணம் தங்கம்னு. பொம்பளைங்க பொடி வாங்க வர்றாங்களா, அவரைப் பாக்க வர்றாங்களான்னு தெரியலேன்னு."

பியானின் முனகல் கேட்டது. பாவாடையும் குனிந்த தலையுமாக அவன் நின்ற நிலையை இன்றும் எங்கள் தெருவில் நடித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அவனுக்கு மோசமான கேள்வி இனிமேல்தான் வந்தது.

"நான் அடுப்படிக்குப் போயிட்டுத் திரும்பினப்போ கதவு சாத்தியிருந்துச்சு" என்றாள் அத்தை மெதுவாக.

வாத்தியார் நிமிர்ந்தார். "உள்ளே என் பொண்ணு உன்கிட்ட என்ன சொன்னா?"

தரையில் விழுந்த நிழல் அசையவில்லை.

"பொடியில அரிசி மாவு அதிகம்னு சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"முத்து கம்மின்னும் சொன்னாங்க."

"பத்துல மூணு பங்கு..." என்று பியான் எழுந்தார்.

"ரெண்டுதாம்பா" என்றான் தாவ்ஷெங், தலை நிமிராமல். "போன வருஷத்திலிருந்து ரெண்டு பங்குதான் போடறோம். அவங்க சொன்னது சரி. வேற ஒண்ணும் அங்கே பேசலே."

பியான் உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் இப்போது சிவந்த முகம் இரண்டு. மூன்றாவதும் சேர்ந்தது. வாத்தியார் தன் கைகளையே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடக்கை மேலே இருந்தா, ஒண்ணு அது ஆம்பளை, இல்லே துக்கத்துல இருக்கற பொம்பளை. முதல்ல ஆளைப் பாருங்கடான்னு இருபது வருஷம் பசங்களுக்குச் சொன்னேன். நேர்ல வந்து நின்னப்போ எனக்குச் சாவுதான் கண்ணுல பட்டுது. நாலு பாகம் எழுதி என்ன?"

"அப்போ உடைஞ்ச கிண்ணம், ஐயா?" என்றாள் தியாவ்.

"அது என் தப்பால உடைஞ்சது. முன்னோர்மேல ஏன் போடறே? தாளை மறுபடி வைங்க. மறுபடியும் மூணு நாள்." பிறகு தாவ்ஷெங்கைப் பார்த்தார். "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதே. கொடுக்கலேன்னா ஊர் என் பொண்ணைப் பேசும். கொடுத்தா உன்னைப் பேசும். உன்னையே பேசட்டும்."

ஊர் பேசியது. கடைக்கு வந்தவர்கள், "அக்கா, ரெண்டு கட்டி பொடி குடுங்க" என்றார்கள். தகரக்காரன் தினமும் வந்து, "சளி எப்படி இருக்கு?" என்று விசாரித்தான். நியூவுக்குப் பதினொரு கதவும் திறந்தன. கதையைக் கேட்க வேறு தெருவிலிருந்தும் கூப்பிட்டார்கள். தாவ்ஷெங் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். அவன் காதெல்லாம் கோங் வீட்டுப் பக்கமே இருந்தது. அவளிடம் அந்த விரிசல் கிண்ணம் இருக்கிறது. இப்போது அவளுக்குக் காரணமும் இருக்கிறது. முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் தெருவில் எங்கோ ஒரு பானை உடைந்தபோது அவன் பொடித்தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். மூன்றாம் நாள் அந்திக்கு முன் தியாவ் வந்தாள்.

"ஒண்ணும் உடையலே. அந்த வீட்டுல பூனைகூட வாயைத் திறக்கலே."

வான்னிங் தன்னை மன்னித்துவிட்டாள் என்று தாவ்ஷெங் நினைத்தான். அவளை அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

எட்டாம் மாதத்தில் நாள் பார்த்தார்கள். பிற்பகலில் பல்லக்கு கடை வாசலில் இறங்கியது. மணப்பெண்ணின் கால் மண்ணில் படாமல் இருக்க முதல் அரிசிச் சாக்கை விரித்துவிட்டு, அவள் நடக்க நடக்க அடுத்ததை விரிக்க வேலைக்காரன் காத்திருந்தான். எங்கள் ஊரில் கூட்டம் முண்டியடிப்பது இந்த ஒரு கணத்துக்குத்தான். முகம் சிவப்புத் துணிக்குள் மூடியிருக்கும். பார்க்கக் கிடைப்பது, திரையை விலக்கிச் சாக்கின்மேல் வைக்கும் அந்த முதல் பாதம் மட்டும்.

திரை விலகியது. சாக்கின்மேல் வந்து ஊன்றியது தட்டையான, கட்டை எதுவும் வைக்காத, முழு அளவுச் செருப்பணிந்த ஒரு பாதம். அடுத்ததும் அப்படியே. சிவப்புப் பட்டில் தாமரை தைத்திருந்தது. மறைக்க நினைத்த வேலை இல்லை.

மேளம் நிற்கவில்லை. ஆனால் கூட்டத்தின் பேச்சு நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி, "அடியம்மா" என்றாள். தகரக்காரன் தாவ்ஷெங்கின் முகத்தைப் பார்த்தான். எல்லாரும் அவன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் ஒண்ணும் நெனைக்கமாட்டார் என்று சளிக் குரலில் சொன்னது அவன்தான். காதுவரை சூடு ஏறியது. அவன் கால் தானாக அரை அடி பின்னால் போயிற்று.

துணிக்குள் இருக்கும் மணப்பெண்ணுக்கு வேறு ஒன்றும் தெரியாது. குனிந்தால் எதிரே நிற்கிறவர்களின் கால் மட்டும் தெரியும்.

அது அவனுக்கு உறைத்தபோது கால் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதை முன்னால் கொண்டுவந்தான். இன்னும் ஒரு எட்டு வைத்தான். அடுத்த சாக்கை வேலைக்காரன் விரிப்பதற்குள் தானே குனிந்து அவள் காலடியில் விரித்தான். பிறகு வலக்கைமேல் இடக்கை வைத்து, ஊர் பார்க்க, அவளுக்கு ஒரு வணக்கம் போட்டான். மணமகன் அங்கே வணங்கும் வழக்கம் இல்லை. கூட்டத்தில் யாரோ, "கை சரிதான், அக்கா!" என்று கத்தினார்கள். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவள் உள்ளே போனாள்.

மறுநாள் காலை, மாமனாருக்குத் தேநீர் கொண்டுபோகும் முன் அவள் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து அரை அடி பின்னால போனீங்க."

கூட்டம் தள்ளியது என்று சொல்லலாம். சாக்கு வழுக்கியது என்று சொல்லலாம்.

"போனேன்" என்றான்.

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்போ?"

"பின்னால போனதுக்கு வெக்கமா இருக்கு."

அவள் சீப்பை வைத்தாள். சீர்ப்பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த நீலப்பூக் கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் தேநீர் ஊற்றினாள். விரிசலில் ஒரு சொட்டு ஊறி நின்றது, விழவில்லை.

"பாத்துப் புடிங்க" என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கும்போது எந்தக் கை மேலே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.